மீந்துபோன ஒரு குழாய் மருந்து

லூவான் ரிங்கரின் கராஜில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தோட்டாவுக்குள் கருமருந்து இறங்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளை வைத்துக் குறி சுடுகிற அவர்கள் குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் தம்பி கார்லண்டுக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? மத்தியானம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன், பக்கத்துப் பண்ணைக்காரன் வாங்கிய டிராக்டரில் ஆரம்பித்து, கண்காட்சியில் பரிசு வாங்கிய பன்றி வரைக்கும் வந்துவிட்டான்.

நாளைக் காலை போட்டி. குழு மொத்தமும் ஸ்பென்சர் கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கிகளோடு வரிசையில் நின்று, தொங்குகிற மண்தட்டுகளை எவ்வளவு சீக்கிரம் உடைக்கிறது என்பதுதான் கணக்கு. அத்தனை பேருக்கும் தோட்டா லூவான் கையால்தான். பித்தளைக் கூட்டுக்குள் முதலில் மருந்து. கார்பைனுக்கு அது நிறைய வேண்டியதில்லை, ஆனால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் இருக்கவே கூடாது. அந்த இடத்தில் காலையில் கஞ்சி வைக்கிற அதே கோதுமை ரவையைப் போட்டு நிரப்பி, மேலே ஈயக்குண்டை வைத்து அழுத்துவாள். மருந்தை முன்கூட்டியே அளந்து, கூட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குழாய்களில் நிறுத்தி வைத்திருப்பாள்.

கடைசிக் குண்டையும் அழுத்தி, தோட்டாக்களைக் குழி வைத்த பெட்டியில் அடுக்கிவிட்டு, உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குழாய்களை எடுத்து வைக்கப் போனால், மரத்தட்டின் ஓரத்தில் ஒன்று மட்டும் நிறைய மருந்தோடு அப்படியே நிற்கிறது.

"போச்சு," என்றாள்.

"என்ன போச்சு?"

"ஒண்ணுல மருந்தே போடல. வெறும் ரவையப் போட்டு மூடிட்டேன். எல்லாம் உன் பன்னிக் கதையக் கேட்டுக்கிட்டே."

"பன்னி மேல ஏன் பழி போடற? நீ ஒரு குழாய் கூடுதலா அளந்திருப்ப."

"நான் கூடுதலா அளந்ததே கிடையாது."

"அப்ப இன்னிக்கு அளந்திருப்ப."

லூவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால், அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் மட்டும் டப்பென்று வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி அங்கேயே விட்டுவிடும். அடுத்த தோட்டா அதன் பின்னால் வெடித்தால் குழல் பிளந்து சுடுகிறவன் முகத்துக்கு வரும். வரிசையில் அத்தனை துப்பாக்கியும் முழங்கும்போது, தன்னுடையது டப் என்றதா டமார் என்றதா என்று எவனுக்குத் தெரியும்?

"எல்லாத்தயும் பிரிக்கணும்," என்றாள்.

"உனக்கென்ன கிறுக்கா? எடை போட்டுப் பாரேன்."

"கூடு ஒவ்வொண்ணும் ஒரு எடைடா. தராசு என்னத்தக் காட்டும்?"

"குலுக்கிப் பாரு."

"அழுத்தி வச்சிருக்கேன். எப்படிக் குலுங்கும்? பேசாம அந்தச் சுத்தியல எடு."

சுத்தியல் மாதிரி ஒரு கருவி அது. தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழும். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு அடித்தார்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ரவை கொட்டியது, பிறகு கருமருந்து கொட்டியது. தோள் வலிக்கிறது என்றான் கார்லண்ட். நாள் பூராச் செய்த வேலை குப்பைக்குப் போகிறது என்றான். இதற்குப் பதில் கோழி வளர்த்திருக்கலாம் என்றான். லூவான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

பெட்டி காலியாயிற்று. எல்லாவற்றிலும் மருந்து இருந்தது.

கார்லண்ட் ஸ்டூலில் அரசன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் அப்பவே சொன்னேன். எவன் பேச்ச எவன் கேக்கறான்?"

லூவான் பிரித்த கூடுகளைத் திரும்பப் பெட்டியின் குழிகளில் அடுக்கினாள். முன்வரிசையில் சில குழிகளுக்குக் கூடு போதவில்லை.

"இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"அதா? டெல்மர் கேட்டான், குடுத்தேன். கொட்டகை வேலைய முடிச்சுட்டு, நாளைக்கு முன்னாடி குறி சரியா இருக்கான்னு பாக்கணும்னான்."

"எப்ப?"

"நீ காபி போடப் போனப்ப. உன் புருஷன் கேட்டா குடுக்காம இருக்க முடியுமா?"

பின்னால் புல்வெளியிலிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது.

லூவான் ஓடினாள். கொட்டகையைத் தாண்டும்போது இன்னொரு டமார். நல்ல தோட்டா, ஆண்டவனே உனக்குக் கோடி நன்றி. வேலிக் கதவில் கை வைக்கும்போது மறுபடி டமார். அதற்கும் நன்றி சொன்னாள். டெல்மர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான், காதை இறுக்கமாக மூடிய காதுக்கவசத்தோடு. அடுத்தது பாட்டில் மூடி கழன்ற மாதிரி டப் என்றது. புகையே இல்லை.

"டெல்மர், சுடாத!"

அவனுக்கு எங்கே கேட்கும்? விசைக்கு அடியில் இருக்கிற நெம்புகோலை இழுத்தான். பழைய கூடு விழுந்தது, புதுத் தோட்டா உள்ளே போயிற்று. துப்பாக்கியின் சுத்தியைப் பின்னுக்கு இழுக்கக் கட்டை விரலை வைத்தான். அதற்குள் லூவான் பின்னாலிருந்து அவன் கைமேல் விழுந்து, துப்பாக்கியைத் தரையைப் பார்க்கத் தள்ளிவிட்டாள்.

டெல்மர் கவசத்தைக் கழற்றினான். "என்ன லூ? மருந்து நமுத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"காலி பண்ணு. மொதல்ல அதக் காலி பண்ணு."

எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்த பிறகு, துடைக்கிற கம்பியைக் குழல் வாயில் விட்டான். பாதிக்கு மேல் இறங்கவில்லை. கம்பியையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டான்.

கார்லண்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பாதியில் நிற்கிற கம்பியைப் பார்த்தான்.

"பெட்டியில இருந்ததுல காலித் தோட்டா இல்லன்னு நான் சொன்னது சரிதான?" என்றான். கண் கம்பியை விட்டு நகரவில்லை.

அவனைக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் லூவான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. டெல்மரின் சட்டைக் கையைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று.

"விடு லூ," என்றான் டெல்மர். "குண்டத் தட்டி வெளிய எடுக்கணும். ரெண்டு கையும் வேணும்."

அவள் விடவில்லை.