மகாராணி திரும்பவில்லை

அந்தக் கிராமத்து வங்கிக் கிளையின் கவுண்டர் எழுத்தருக்கு 'மகாராணி' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், கேட்டால் பதில் வராது, அவ்வளவு திமிர் என்று ஊரில் பேச்சு. உண்மை வேறு. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு காதும் அடைத்துப்போயின. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பாள். தங்கைக்கு மட்டும் தெரியும். "வெளிய சொல்லிடாதடி, வேலை போயிடும்" என்று அவள் வாயையும் கட்டிவைத்திருந்தாள்.

வாடிக்கையாளரிடம் கனிவாகப் பேசும் பயிற்சிக்கு மேனேஜர் அவளை இரண்டு முறை அனுப்பிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து, சிரித்துத் தலையாட்டி, சான்றிதழோடு திரும்பினாள். புகார் மட்டும் நிற்கவில்லை.

இப்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். யாருக்கு என்ன வேலை தெரியும், யாருக்கு எந்தப் பயிற்சி தேவை என்று மதிப்பிடுவது அந்த அம்மாளின் பொறுப்பு. "பயிற்சியாவது ஒண்ணாவது, ஆளைக் குறைக்கத்தான் வந்திருக்காங்க" என்று மூலையில் அட்டெண்டர் கிசுகிசுத்ததை மகாராணி தூரத்திலிருந்தே படித்துவிட்டாள்.

கணினித் தேர்வில் தப்பித்தாள். அதன்பின் அதிகாரி நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. முன்னால் நிற்பவரைப் பார்ப்பதா, பின்னால் இருப்பவரின் வாயைப் பார்ப்பதா? பேனாவைத் தள்ளிவிட்டு, எடுக்கிற சாக்கில் திரும்பினாள். அதிகாரி எதையோ கேட்டு முடித்துக் காத்திருந்தார்.

"நீங்க சொன்னா சரிதான் மேடம்."

அதிகாரியின் புருவம் சுருங்கியது. "உங்களுக்கு இங்க என்ன கஷ்டம்னு கேட்டேன்."

அதற்குள் கவுண்டரில் நின்ற விதைக்கடைக்காரர் கண்ணாடியைத் தட்டினார். "எத்தனை தடவைம்மா கேக்கிறது? காதுல பஞ்சா வச்சிருக்க?"

அவர் கோபத்தில் சொன்னதுதான். மகாராணியின் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் எழுந்து வந்தார். "பாத்தீங்களா மேடம்? மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பித்தான் ஆகணும்."

பழைய கோப்பு ஒன்று எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு அவள் பின்பக்கப் பதிவறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, அலமாரியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். ராஜினாமா செய்துவிட்டால் இந்த நாடகம் முடியும். தங்கையின் படிப்பு?

அந்த நேரத்தில் பேட்டரி அறையில் பொறி தெறித்துப் புகை கிளம்பியது. அபாய மணி அலறியது. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள்.

"கவுண்டர்ல இருந்தவங்க எங்கே?" என்றார் அதிகாரி.

"மணிச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். வருவாங்க, அவங்க நடையே மெதுவாத்தான்" என்றார் மேனேஜர்.

அதிகாரிக்குச் சுரீரென்றது. பேனா, பொருந்தாத பதில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திய மனிதர். "ஐயோ, அவங்களுக்குக் காது கேக்காதுங்க!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஒரு கணம் விறைத்து நின்ற மேனேஜரும் பின்னாலேயே பாய்ந்தார்.

கருகல் வாடை மூக்கில் ஏறியபோது மகாராணி கதவைத் திறந்தாள். நடைவழி முழுக்கக் கரும்புகை. காதோடு கண்ணும் போய்விட்டது. சுவரைத் தடவிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவளின் மணிக்கட்டை ஒரு கை பற்றி இழுத்தது. யாருடைய கை என்று தெரியாமலே அதன் பின்னால் ஓடினாள்.

வெளியே வந்து இருமி ஓய்ந்ததும் அதிகாரி அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேலையில வச்சுக்குவீங்களா?"

அதிகாரி முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களைப் போய் ரெண்டு தடவை பயிற்சிக்கு அனுப்பினேனே" என்று மேனேஜர் தலையில் கைவைத்தார்.

"அங்க சாப்பாடு நல்லா இருந்துச்சு சார்" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

இவருக்குத் தேவை பயிற்சி அல்ல, செவிக்கருவி என்று அதிகாரி அறிக்கையில் எழுதினார். முகம் பார்த்துப் பேசும் பயிற்சி மற்ற ஊழியர்களுக்குத்தான் வேண்டும் என்றும் சேர்த்தார். தலைமை அலுவலகம் லேசில் அசையவில்லை. கருவி வரும்வரை மகாராணியைப் பின்னறையில் உட்காரவைத்தார்கள். அவள் விடாமல் மல்லுக்கட்டிக் கவுண்டருக்கே திரும்பினாள்.

கருவி மாட்டிய முதல் நாள் மின்விசிறியும் அச்சு இயந்திரமும் சேர்ந்து மண்டையைப் பிளந்தன. மதியம் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அட்டெண்டரைக் கைதட்டி அழைத்தாள்.

"கொஞ்ச நேரம் என் காதுக்கு லீவுண்ணே. ஏதாவதுன்னா தொட்டுக் கூப்பிடுங்க."