துயாசாவின் மகள் உறங்கியபோது வடிந்த கடல்

சவாயித் தீவில் துயாசாவின் மகள் ஃபிலோமேனாவுக்குத் தூக்கத்தில் வலிப்பு வந்தால், ஊருக்கு முன்னால் கிடந்த கடல் பவளத்திட்டு வரை வடிந்துவிடும். கைகால் உதறல் நின்றதும் தண்ணீர் திரும்பி வரும். அவளுக்கு ஆறு வயதாவதற்குள் ஊர்ப் பெண்கள் அதற்கென்றே கூடை முடைந்து வைத்துக்கொண்டார்கள். வடிந்த தரையில் மீன் பொறுக்க அவ்வளவு நேரம் போதும்.

துயாசாவ் ஊரின் பேச்சுத் தலைவர்; சபையில் ஊருக்காகப் பேசுபவர். அந்த வீட்டு ஆண்கள் கோலை ஊன்றிப் பேச எழுந்தால் தலைமுறை தலைமுறையாகப் பாதியில் நிறுத்தியதில்லை. "பொண்ணு எப்பண்ணே தூங்கும்? எங்க வீட்ல மீனே இல்ல" என்று ஒருத்தி கேட்டதை அவர் மறக்கவில்லை. சுவரில்லாத வீட்டுக்குப் பகலிலும் ஓலைத் தட்டிகளை இறக்கினார். கடலை மறைக்கத் தட்டி இல்லை.

அவர் மனைவி சிசிலியா அவரைக் கேட்காமலே பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை வேளை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, தனியாகப் படுக்கவிடக் கூடாது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும் என்றார்கள். அவள் எதிலும் தவறவில்லை. இரண்டு வருடம் கடல் அடங்கிக் கிடந்தது. கூடைகள் இற்றுப்போயின.

பக்கத்து ஊர்த் தலைவர்கள் வந்தபோது, பாய் விரிப்பதும் பன்றி சுடுவதுமாக வீட்டில் இரவு முழுக்க யாரும் கண்ணயரவில்லை. மறுநாள் மதியம் பெண் பின்வீட்டில் சுருண்டு படுத்தாள்.

"நான் இவ பக்கத்துலயே இருக்கேங்க."

"வீட்டுக்காரி அடுப்படியில இல்லேன்னா வந்தவங்க என்ன நினைப்பாங்க? மாத்திரை போட்டாள்ல, தூங்கட்டும். நீ போ."

விருந்தினரின் முன்னோர் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் கடல் வடிந்தது. சிசிலியா மலைப்பக்கத்து அடுப்படியில் இருந்தாள்; அங்கிருந்து கடல் தெரியாது. பேச்சின் நடுவே யாரும் எழுவதில்லை. ஊரார் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒரு மூச்சு நிறுத்தியிருந்தால் பத்துப் பேர் ஓடியிருப்பார்கள். அவர் எல்லாப் பெயரையும் சொல்லி முடித்தார். குரல் நடுங்கவில்லை என்று விருந்தினர் இன்றும் புகழ்கிறார்கள்.

பின்வீட்டில் ஃபிலோமேனா குப்புறக் கிடந்தாள்; மூச்சு இல்லை.

"கடல் போனப்ப சொல்றதுக்கு எத்தன பேரு பாக்கி இருந்துச்சு?" என்று மட்டும் சிசிலியா கேட்டாள்.

"மூணு" என்றார்.

கோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அன்று போன கடல் திரும்பவில்லை. ஊரார் ஒரு வருடம் பார்த்துவிட்டுப் படகுகளைப் பவளத்திட்டுக்கு வெளியே கட்டினார்கள். மழை உப்பைக் கழுவியதும் அந்தத் தரையில் சேப்பங்கிழங்கு நட்டார்கள். துயாசாவுக்கும் ஒரு பாத்தி உண்டு. அடுத்த பாத்தியில் சிசிலியா களை பிடுங்குகிறாள். இது முன்பு கடலாக இருந்த இடம் என்று யாராவது சொன்னால், வெளியூர்க்காரர்கள் தலையாட்டிவிட்டுக் கிழங்கு என்ன விலை என்று கேட்கிறார்கள்.