மஞ்சள் தாள்

எங்கள் சோதனைக்கூடத்தில் என் வேலை, விளக்குகள் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. கைபேசித் திரைகளில் ஒளிர்கிற ஓஎல்இடி படலத்தைச் சின்னத் தகடுகளாகச் செய்து, இரவும் பகலும் எரியவிட்டு, எது எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் சமர்த்துப் பிள்ளைகள். நீலம்தான் அவசரக்குடுக்கை, முதலில் மண்டையைப் போடுவது அதுதான்.

நீலத்துக்கென்று புது மூலக்கூறு செய்த வேதியியல்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் நீலக்காரன். அந்த மூலக்கூறை அன்று மதியக் கூட்டத்தில் கைகழுவுவதாக இருந்தார்கள். அது போனால் அவன் வேலையும் போகும். ஏனென்றால், போன மாதம் ஜொலித்த அவனுடைய தகடுகள் இப்போது அதே மின்சாரத்துக்குப் பாதி வெளிச்சம்தான் தருவதாக என் மீட்டர் சொன்னது.

காலையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இன்னொரு தடவை பாருங்களேன்."

"நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? மீட்டர் சொல்றதைத்தானே சொல்ல முடியும்?"

எரிந்து விழுந்தேனே தவிர, அவன் வேலை போவதில் எனக்கும் இஷ்டமில்லை. நல்ல பையன்.

கூட்டத்தில் பழசையும் புதுசையும் ஒப்பிட்டுக் காட்டலாம் என்று, எரியவிடாமல் காற்றுப் புகாத பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அவனுடைய புதுத் தகடு ஒன்றை எடுத்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். அதுவும் பாதி வெளிச்சம்தான் காட்டியது. பிறந்த குழந்தைக்கு நரைத்த தலையா?

"டேய், இது ஏற்கெனவே எரிஞ்ச தகடா?"

"ஒரு நிமிஷம்கூட எரியலக்கா."

அப்படியானால் கோளாறு தகட்டில் இல்லை, வெளிச்சத்தை அளக்கிற உணரியில். குனிந்து பார்த்தேன். அதன் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள், துலக்காத பல் மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை யாருடா ஒட்டினது?"

தலையைச் சொறிந்தான். "நான்தான்க்கா. ஆரம்பத்துல வெளிச்சம் ஜாஸ்தியாகி மீட்டர் திணறுச்சு. கொஞ்சம் மட்டுப்படட்டுமேன்னு ஒட்டினேன். அப்போ வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறதுன்னா இதுதான்!"

இவனுடைய நீலம் ஓயாமல் அடித்து அடித்துத் தாளை மஞ்சளாக்கியிருக்கிறது. மஞ்சளான தாள் அந்த நீலத்தையே விழுங்கியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது, ஆனால் சிரிப்புதான் வந்தது.

தாளைக் கிழித்துப் போட்டு, வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் முறையான கண்ணாடி வடிகட்டியைப் பொருத்தி எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கூட்டத்தில் மேலாளர் புது அளவுகளைப் பார்த்துவிட்டு, "சரி, தொடர்ந்து எரியட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் நீலக்காரன் வராந்தாச் சுவரில் சாய்ந்து மனைவிக்குப் போன் போட்டான். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டான்.

"வேலை போகலம்மா!" என்று கத்தினான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வேலை போகப்போகிற விஷயத்தை வீட்டில் அவன் சொல்லவே இல்லையாம்.

 அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"அப்பாடா! தினம் தூக்கத்துல புலம்பினீங்க. நீங்களா சொல்ற வரைக்கும் கேட்கக் கூடாதுன்னு நானும் தூங்குற மாதிரியே படுத்திருந்தேன்."