பெட்டியில் இருக்கும் கருவி

1
இந்தக் கதை ஒரு கிடங்குப் படிவத்தின் பின்பக்கத்தில் பிறந்தது. எகிப்தின் தாந்தா நகரில், எங்கள் அலுவலகத்தில் சாமான் யார் பேரில் இருக்கிறதோ, அது உடைந்தால் அவர் தலைதான் உருளும். அதனால் புதுச் சாமான்கள் பெட்டியை விட்டு இறங்குவதில்லை.

முதல் வரி: "இன்ஸாஃபுக்குக் கண் தெரியாது, ஆனால் காலடிச் சத்தத்திலேயே மனிதர்களின் மனத்தை..." [அடித்துவிட்டேன். கண் இல்லாதவளுக்கு மந்திர சக்தி கொடுப்பது என் சோம்பேறித்தனம்.]

2
இன்ஸாஃப் பத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்புகள் கொடுத்தவள். பழைய பலகை போய்க் கணினித் திரை வந்தது. திரையில் உள்ளதை விரலுக்குப் புள்ளியெழுத்தாகக் காட்டும் கருவி ஒன்றை அவளுக்கென்றே வாங்கினார்கள். மேலதிகாரி பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டார். பெட்டி கிடங்குக்குப் போனது. கையெழுத்துக்குப் பதிலாக அவள் வைக்கும் முத்திரை மட்டும் போதாது, கண் தெரிந்த ஒருவர் கூடவே பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள்.

கிடங்குக்காரர் ரம்ஸி நல்லவர். [இந்தச் சொல்லை நான் நம்பவில்லை. இருக்கட்டும்.]

"என் பெட்டி சௌக்கியமா, ரம்ஸி சார்?"

"தூசு படாம வெச்சிருக்கேன் மேடம்."

"அப்போ அதையே கட்டிக்குங்க! ஞாயித்துக்கிழமைக்குள்ள கைக்கு வரலேன்னா என்னை சீட்டை விட்டே எழுப்பிடுவாங்களாம். நீங்களே கூடக் கையெழுத்துப் போடுங்களேன்."

"ஒரு டீ கொட்டினாப் போதும், என் பென்ஷன் போச்சு."

"இத்தனை வருஷத்துல நான் டீ கொட்டிப் பாத்திருக்கீங்களா?"

ரம்ஸி பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர்

[இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன்.]

3
முடிவு ஒன்று: ரம்ஸி கையெழுத்திடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பொய்.

முடிவு இரண்டு: ஞாயிறன்று, வாரத்தின் முதல் வேலைநாளில், அவளைக் கோப்பறையில் உட்காரவைத்தார்கள். மேசை உண்டு, வேலை இல்லை. தினமும் நேரத்துக்கு வந்தாள். யாராவது கடந்தால், "யாருக்கு லைன் போடணும்?" என்று கேலியாகக் கேட்பாள். சில மாதங்களில் கேலியும் நின்றது.

4
ரம்ஸி என் பெயர் அல்ல. ஆனால் சாவி என்னிடம்தான் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற நாளில் கிடங்கை ஒப்படைத்தேன். பெட்டி ஒன்று, பிரிக்கப்படாதது. மெச்சினார்கள்.

படிவத்தை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். ஓரிடத்தில் இன்ஸாஃபின் முத்திரை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. பக்கத்தில் கண் தெரிந்தவர் கையெழுத்துக்கான இடம் காலி. உங்களுக்குக் கண் தெரியும் என்று நினைக்கிறேன். [தெரியாதென்றால் மன்னியுங்கள். உங்களைக் கையெழுத்துப் போட விடமாட்டார்கள்.] கருவி விழலாம், டீ கொட்டலாம், எல்லாம் உங்கள் பேரில்தான் வரும். அவள் இன்னும் கோப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பேனா இதோ.