எர்மாவின் கடைசிக் கரை

வடம் தொய்ந்து கிடந்தது. பின்பக்க நங்கூரத்தோடு கப்பலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டிய இரும்பு வடம், அறுந்த கொடிக்கயிறு மாதிரி அலையில் புரண்டது. கப்பலின் வால்பக்கம் கரையை நோக்கி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் பிரேக் நழுவியிருந்தது. ஹார்லன் பிக்கெட் பாய்ந்துபோய் அதை இறுக்கினான்.

"டேய் பிக்கெட்! எங்கடா போய்த் தொலைஞ்சே?" அவன் மேலதிகாரி சீஃப் லுண்ட்குவிஸ்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இப்படியே திரும்பிச்சுன்னா பக்கவாட்டுல மணல்ல படுத்துரும். அப்புறம் எவன் வந்து இழுப்பான்? சண்டைதான் முடிஞ்சு போச்சே!"

டாங்கி இறக்கும் கப்பல் நேராகப் போய்க் கரைமணலில் மூக்கைக் குத்தி, முகக்கதவைத் திறக்கும். அதற்கு முன்பே ஆழத்தில் பின்நங்கூரத்தைப் போட்டுவிடுவார்கள். திரும்பிப் போக அந்த வடத்தைப் பிடித்துத்தான் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். கரையில் நிற்கும்வரை வின்ச்சை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. ஹார்லன் நகர்ந்துவிட்டான்.

"கீழ போயிருந்தேன் சீஃப்" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்க அக்கா வெல்டிங் வச்ச இடத்தை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாம்னு."

சீஃப் வின்ச்சின் பக்கம் கையைக் காட்டினார். "வடத்தைப் பாருடா" என்றார்.

காலையில்தான் கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார். இந்தச் சைப்பான் தீவில் மிச்சமிருக்கும் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அதோடு கப்பல் உடைக்கும் துறைக்குப் போகிறது.

கடலே தெரியாத ஊரில், ஓஹையோ ஆற்றங்கரைச் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் கட்டிய கப்பல் அது. கட்டியவர்களில் ஹார்லனின் அக்கா வெர்னாவும் ஒருத்தி. எந்த வெல்டிங் தையலை முடித்தாலும் கடைசியில் குட்டியாக ஒரு வளைவு விடுவாள். பதினாறு வயதில் பதினெட்டு என்று புளுகிக் கடற்படையில் சேர்ந்த தம்பிக்கு, குருட்டு அதிர்ஷ்டத்தில் அதே கப்பலில்தான் வேலை என்று உத்தரவு வந்தது. அவன் கிளம்பிய நாள் ரயிலடியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "என் கப்பலைப் பத்திரமா கொண்டுவந்து சேத்துருடா. உன்னை விட அதுக்குத்தான் நான் அதிகமா பாடுபட்டேன்."

அரசாங்கம் அதற்கு வெறும் எண்ணைத்தான் கொடுத்தது. எர்மா என்று பெயர் வைத்தது கப்பலில் இருந்தவர்கள்தான். தட்டையான அடிவயிறு, சின்ன அலைக்கே சாராயம் குடித்தவள் போல ஆடுவாள். இதே சைப்பானில்தான் முதன்முதலாகக் கதவைத் திறந்தாள். டாங்கிகள் உறுமிக்கொண்டு இறங்கிய அதே தளத்தில், திரும்பும்போது அடிபட்ட பையன்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ஒகினாவா சண்டையில் விலாவில் ஓட்டை விழுந்தது. தகரம் அடித்து ஒட்டினார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அதே தளத்தில் எல்லோரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடனமாடினார்கள்.

"எஞ்சின் பின்னால போகுது. இழு!" என்று சீஃப் கத்தினார்.

வின்ச் முனகியது. வடம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு நிமிர்ந்தது. நங்கூரம் பிடித்துக்கொண்டது. வால்பக்கம் திரும்புவது நின்றது. ஆனால் கப்பல் அசையவில்லை. மணல் அடிவயிற்றைக் கவ்வியிருந்தது. ஓதம் வற்றி, தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது.

ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கரகரத்தது. "சிப்பாய்ங்க எல்லாரும் மேல்தளத்துக்கு வாங்க! நான் சொன்னதும் இடப்பக்கம் ஓடுங்க. அப்புறம் வலப்பக்கம்! கப்பலை ஆட்டி மணல்லேர்ந்து கழட்டணும்!"

முந்நூறு பேர் பூட்ஸ் காலோடு ஓடினார்கள். எர்மா லேசாகச் சாய்ந்தாள்.

"ரெண்டு வருஷம் ஜப்பான்காரன் ஓட விட்டான், இப்ப இந்தத் தகர டப்பா ஓட விடுது!" என்று ஒருவன் கத்தினான்.

"வாயை மூடிட்டு ஓடுடா குண்டா! நீ ஒருத்தன் ஓடுனாலே கப்பல் கிளம்பிரும்!"

இடம். வலம். மறுபடி இடம். ஹார்லன் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்தபடி, "வா எர்மா, வாடி, வா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அடியில் எங்கோ நீளமாக ஒரு உரசல் கேட்டது. பிறகு, கனவு மாதிரி, கரை பின்வாங்கியது. தொப்பிகள் பறந்தன.

ஆழத்துக்கு வந்து நங்கூரத்தை ஏற்றிய பிறகுதான் சீஃப் அவன் பக்கம் திரும்பினார்.

"தண்டனை அப்புறம் இருக்கு. மொதல்ல அந்த இடத்தைக் காட்டு."

அடித்தளத்தில், ஏணிக்குப் பின்னால், அடுக்கடுக்கான பெயிண்டுக்கு அடியில் அந்தக் குட்டி வளைவு இருந்தது. சீஃப் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நல்ல கை" என்றார். "மணல்லயே விட்டிருந்தா துருப்பிடிச்சாவது இது முழுசா கெடந்திருக்கும், இல்ல? இப்ப உடைச்சுருவானுங்க."

எஞ்சினின் அதிர்வு சுவரில் ஏறியது. கப்பல் ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ரயிலடியில் வெர்னா நிற்பாள். தம்பியைக் கட்டிக்கொண்டு, அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்பாள்:

"என் கப்பல் எங்கடா?"