நுஸைபா ஆடாத ஃபைனல்

"டீச்சர், செமி ஃபைனல் எத்தன மணிக்கு?"

புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சூடாமணியின் கை நின்றது. செமி ஃபைனல் முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதில் பதினொரு பாயிண்ட் எடுத்து ஜெயிக்க வைத்தவளே இந்த நுஸைபாதான்.

"சும்மா இருடி, டீச்சர பயமுறுத்தாத" என்றாள் கேப்டன் அன்னக்கொடி.

நுஸைபா சிரிக்கவில்லை. வெயில் கூசுவதுபோல் கண்ணை இடுக்கி, டீச்சரின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

கடைசி ரெய்டில் இரண்டு பேர் காலை வாரியபோது அவள் தலை தரையில் மோதியிருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். சூடாமணியும் தட்டினாள். இப்போது பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அது 1999. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சூடாமணி பி.டி. டீச்சராகிப் பதினான்கு வருஷம். மாவட்டக் கபடி ஃபைனலுக்கு அவர்கள் வந்தது இதுதான் முதல் தடவை. போட்டி நடக்கும் டி. கல்லுப்பட்டிக்கு நுஸைபாவை அழைத்துவர, அவளைப் பெற்ற அத்தா நைனா முகமதுவிடம் சூடாமணி மூன்று தடவை போய்க் கேட்டிருந்தாள். "உங்க முகத்துக்காக அனுப்புறேன் டீச்சர்" என்று மூன்றாவது தடவைதான் அவர் தலையாட்டினார்.

"நுஸைபா, இன்னைக்கு என்ன கெழம?"

அவள் யோசித்தாள். உதடு அசைந்தது. உதவிக்கு அன்னக்கொடியைப் பார்த்தாள்.

மேட்ச் பார்க்கக் காரில் வந்திருந்த பள்ளிக்கூடத்துக் கரெஸ்பாண்டென்ட் ராஜகுருவிடம் சூடாமணி ஓடினாள். "சார், பிள்ளைக்குத் தலையில அடி. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கார் வேணும்."

"மூணு மணிக்கு ஃபைனல். நல்லாத்தானே உக்காந்திருக்கா?"

"நல்லா இல்ல சார்."

பிள்ளைகள் பார்ப்பதைக் கவனித்து அவர் தங்கள் இருவருக்கும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறினார். இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு, ஒரு மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் மட்டும் ஆடவிடு, பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போ என்றார். வீட்டுப் பெரியவர்களுக்குப் பணிந்தே பேசிப் பழகிய மொழி அது. அதில் அவரை எதிர்த்துப் பேச அவளுக்கு நா எழவில்லை. அதனால் தமிழிலேயே சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படி.

"அவ ஆட மாட்டா சார். சாவியக் குடுங்க."

கையை நீட்டினாள்.  நீட்டிய கையை மடக்கவில்லை. அதைப் பார்த்த ராஜகுரு, காரை எடுக்கும்படி டிரைவர் கண்ணுச்சாமிக்குக் கண்ணைக் காட்டினார்.

"நாங்க என்ன செய்ய டீச்சர்?" அன்னக்கொடியின் முகம் வெளுத்திருந்தது. "நீங்களும் இல்லாம, அவளும் இல்லாம..."

"எனக்குத் தெரியலம்மா. ஆட முடிஞ்சா ஆடுங்க. பயமா இருந்தா ஆடலேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

பேரையூர் விலக்கு தாண்டியதும் நுஸைபா வாந்தியெடுத்தாள். பிறகு டீச்சரின் மடியில் சாய்ந்து, "தூங்குறேன் டீச்சர்" என்றாள்.

"தூங்காத! பாடு. ரெய்டு போற மாதிரி பாடு."

"கபடி... கபடி..."

"சத்தமா!"

சூடாமணியும் கூடவே பாடினாள். பிள்ளையின் குரல் தேயும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினாள். திருமங்கலத்துக்கு முன்னால் பருத்தி லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. வண்டிகள் வரிசையாக முடங்கிக் கிடந்தன. மடியில் பாட்டு நின்றுபோயிருந்தது.

"அண்ணே, மூச்சு இருக்கு, கண்ணுதான் தொறக்க மாட்டேங்குறா" என்று கத்தினாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்கம்மா" என்ற கண்ணுச்சாமி காரைச் சாலையை விட்டுத் தரிசுக் காட்டுக்குள் இறக்கினார். அடித்தட்டில் கல் இடித்தது. கார் சாய்ந்தது. சூடாமணி தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தத் தலையை அசையாமல் ஏந்தியிருந்தாள். இந்தக் குழந்தை இல்லாமல் அவள் வீடிருக்கும் காஜிமார் தெருவுக்குள் எப்படி நுழைவது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

ஸ்கேன் எடுத்த டாக்டர், மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார். தகவல் போய் நைனா முகமது செருப்பில்லாமல் வந்து நின்றார். சூடாமணி எழுந்து, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகத் தலை குனிந்தாள்.

"முழுசாத்தான் கூட்டிட்டுப் போனேன் பாய். என்னை மன்னிச்சிருங்க."

அவர் பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, கண்ணை மூடி, கையேந்தி துஆ செய்யத் தொடங்கினார்.

பொழுது சாயும்போது பிள்ளைகள் மண் அப்பிய பனியனோடு வந்து இறங்கினார்கள். "ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டோம் டீச்சர்" என்றாள் அன்னக்கொடி. முழங்கை தோல் உரிந்திருந்தது. "கடைசி வரைக்கும் ஆடுனோம். ஒருத்திகூட எழுதிக் குடுக்கலாம்னு சொல்லல." சூடாமணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மறுநாள் காலை நுஸைபா கண் திறந்தாள். "அத்தா" என்றாள். தண்ணீர் கேட்டாள்.

இனி அவள் கபடி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடலாமென்று சூடாமணி ராஜினாமாக் கடிதம்கூட எழுதினாள். அடுத்த வாரம் அதைக் கொடுக்கப் போனவளை மைதானத்தில் ஆடுகளத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த பதினொரு பேர் வழிமறித்து நிறுத்தினார்கள். இறுகிக் கிடந்த மண்ணைப் பார்த்ததும் அவளுக்கு நுஸைபாவின் தலை மோதிய தரை கண்முன் வந்தது. அந்தப் பயம் பிறகு ஒருநாளும் அவளை விட்டுப் போகவில்லை.

"மம்பட்டி எடுத்துட்டு வாங்கடி" என்றாள், கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடி. "மொதல்ல இந்தத் தரையக் கொத்தி மெத்துனு ஆக்கணும். அதுக்கப்புறந்தான் ஆட்டம்."