கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்

வினிஃப்ரெட் ஹாலமுக்கு பாக்தாதின் ஆங்கிலேய அரசாங்கக் கட்டடத்தில் ஓர் அறை மட்டும் மிஞ்சியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு அதே ஊரில் அவள் தும்மினால் தளபதிகள் எழுந்து நின்றார்கள். தன்னந்தனியாக ஒட்டகத்தில் ஏறி அந்தப் பாலைவனம் முழுவதையும் சுற்றிய முதல் வெள்ளைக்காரி அவள். எந்த ஷேக் யாருக்கு மாமன், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். இப்போது லண்டனிலிருந்து வந்த பொடியன்கள் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. குலங்களின் வம்சாவளியை எழுதித் தாருங்கள் என்று ஒரு வேலையைக் கொடுத்து ஓரங்கட்டிவிட்டார்கள். அவளும் எழுதினாள். ஒரு பயலும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் தரீஃப் குலத்து ஷேக் முத்லக் அவள் வீட்டுக்கு வந்தார். இருபது வருடத்துக்கு முன்பு காய்ச்சலில் விழுந்தவளைத் தம் கூடாரத்தில் பதினோரு நாள் வைத்துக் காப்பாற்றியவர். அன்றிலிருந்து அவள் அவருக்குத் தங்கை.

"தல நரச்சுப்போச்சே தங்கச்சி," என்றார். "ராஜாவுக்குப் புத்தி சொல்லிச் சொல்லியா?"

அவளும் சிரித்தாள். வேலைக்காரன் ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றிக் கொடுத்தான். முத்லக் வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார்.

பாலைவனத்து வழக்கம் அவளுக்குத் தெரியும். ஒன்றைக் கேட்டு வந்தவர் அது கிடைக்கும்வரை காப்பியைத் தொட மாட்டார். வீட்டுக்காரர் 'குடியுங்கள்' என்றால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் கையெழுத்து எதற்கு, முத்திரை எதற்கு? காப்பி அப்படியே ஆறிப்போய் வந்தவர் எழுந்து போனாலோ, அந்த வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

மழை பொய்த்துவிட்டது என்றார் முத்லக். தங்கள் பக்கத்துக் கிணறுகளில் சேறுதான் வருகிறது. உம் ரத்மா என்ற கிணற்றில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. அது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். யாரும் தாண்டக் கூடாது என்று இரண்டு அரசாங்கங்களும் உத்தரவு போட்டிருக்கின்றன.

"கோடு போட்டது நீதானே. கோடைக்கு மட்டும் கொஞ்சம் கண்ண மூடிக்கச் சொல்லு. நானூறு உசுரு இருக்கு, ஆட்டச் சேக்காம."

உண்மைதான், அவள்தான் வரைபடத்தில் அளவுகோலை வைத்து அந்தக் கோட்டை இழுத்தாள். கோடையில் குலங்கள் தாண்டிப் போகலாம் என்று கீழே ஒரு வரியும் எழுதினாள். அந்த வரியை லண்டனில் யாரோ அடித்துவிட்டார்கள்.

என் பேச்சு இங்கே எடுபடாது அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், அதற்கு என்ன படிப்பு வேண்டும்? ஆனால் பாக்தாதையே ஆட்டிவைக்கும் தங்கை தமக்கு உண்டு என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நாளைக்கே போய்க் கெஞ்சலாம், காலில்கூட விழலாம் என்று நினைத்தாள். இரக்கம் பாதி, வீம்பு பாதி. வீம்புதான் அதிகம் என்பேன் நான்.

"குடிங்கண்ணே," என்றாள்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் அப்போதே கிளம்பினார்.

மறுநாள் தலைமை ஆலோசகர் பிரிட்சர்ட் அவளை இரண்டு மணிநேரம் காக்க வைத்தார். அவருக்கு முப்பத்தொரு வயதுதான். குளிர்காலத்தில் பார்க்கலாம் என்றார். அவள் நான்கு கடிதங்கள் எழுதினாள். பதில் இல்லை. போகாதீர்கள் என்று முத்லக்குக்கு ஆள் அனுப்ப நினைத்தாள். நாளைக்கு ஏதாவது நடக்கும் என்று தள்ளிப்போட்டாள். எட்டாம் நாள் அனுப்பினாள். அதற்குள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

உம் ரத்மாவில் அந்தப் பக்கத்துக் காவல்படை சுட்டது. அறுபத்தொரு பேர் செத்தார்கள். பாதிக்குமேல் தோற்பையோடு தண்ணீர் எடுக்கப் போன பெண்கள். மந்தை போயிற்று. மிச்சமிருந்தவர்களை இந்தப் பக்கம் விரட்டிவிட்டார்கள். இந்தப் பக்கத்து அரசாங்கம், ஒப்பந்தத்தை மீறினார் என்று முத்லக்கைப் பிடித்தது.

விசாரணைக்கு ஹாலமைக் கூப்பிட்டார்கள். ஆலோசனை கேட்க அல்ல, மொழிபெயர்க்க. தரீஃப் குலத்தார் பேசும் அரபி வேறு யாருக்கும் பிடிபடவில்லை. குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருந்தார்கள். பிரிட்சர்ட் விரலைச் சொடுக்கினார்.

"தாண்ட யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் கிழவரை விட்டுவிடலாம். இல்லையென்றால் நாடுகடத்தல்தான்."

அவள் ஒரு சொல் குறையாமல் கேட்டாள். முத்லக் அந்த விரலைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் காறித் துப்பியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"யாரும் குடுக்கல," என்றார். "தாகம். நாங்களாப் போனோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத அப்படியே சொல்லு தங்கச்சி."

நான்தான் கொடுத்தேன் என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. பிரிட்சர்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரும் அனுமதி கொடுக்கவில்லை, தாங்களாகவே போனார்கள் என்கிறார்," என்றாள் நல்ல ஆங்கிலத்தில். குமாஸ்தா எழுதிக்கொண்டான்.